டென்ஷன் ஆகாதீங்க சார்!

லக்னோவுக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த ஊர்க்காரர்கள் எதையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு இங்கே கிடைத்த இலவச மருத்துவமும் மரியாதையானதே: "டென்ஷன் மத் லீஜியே, சார்." இதையே நம்ம ஊரில் "போட்டுக் குழப்பிக்காதப்பா, தைரியமா இரு" என்பார்கள். மொழிதான் வேறு, சரக்கு ஒன்று. அந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கிருக்கும் கோபத்தைக் கொட்டத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று வருஷம் முன்பு, மார்ச் கடைசி வாரம். கணக்கு முடிக்கும் நேரம் வங்கிக்காரன் வீடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மனைவியும் மகளும் விருதுநகரில் (பிளஸ் டூ!), நான் இங்கே தனியாக. காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தவனுக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. கை மரத்தது, மூச்சு முட்டியது, சட்டை நனைந்தது. சாகப்போகிறேன் என்று நிச்சயமாக நினைத்தேன். கீழ் வீட்டுக்காரர்தான் ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் ஈசிஜி நார்மல், ரத்தம் நார்மல். "கேஸ் ட்ரபிள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. அதன் பிறகு, வந்துவிடுமோ என்கிற பயமே தனியாக வர ஆரம்பித்தது. லிஃப்டை விட்டேன். தனியாக வண்டி ஓட்டுவதை விட்டேன். மாலை ரிவ்யூ மீட்டிங் என்றால் மதியச் சாப்பாடு இறங்காது.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. அம்மா ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினாள் (வடை நன்றாகவே இருந்தது :-)). மேலதிகாரி, "டார்கெட்டை முடிங்க, டென்ஷன் தானா போயிடும்" என்றார். பக்கத்து சீட் நண்பர் பையிலிருந்து அல்பிரஸோலம் அட்டையை எடுத்து நீட்டினார், ஏதோ ஹால்ஸ் மிட்டாய் மாதிரி! மனநல மருத்துவரைப் பார் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. நானாகப் போக ஐந்து மாதம் ஆனது. அப்போதும் ஸ்கூட்டரை ரெண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டுத்தான் போனேன்.

அவர் எனக்கு வந்ததன் பெயரைச் சொன்னார்: பேனிக் அட்டாக். பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும், உயிரை எடுக்காது. பதற்ற நோய் ஒன்றல்ல என்பதும் அன்றுதான் தெரிந்தது. எதைப் பற்றியும் மாதக்கணக்கில் ஓயாமல் கவலைப்படுவது ஒரு வகை. நாலு பேர் முன்னால் பேசவே நடுங்குவது இன்னொன்று. உயரம், ஊசி, நாய் என்று ஒன்றை மட்டும் கண்டு மிரள்வது மற்றொன்று.

பி.காம். மூளைக்குப் புரிகிற மாதிரி நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். ஒழுங்காகத் தவணை வரும் பெரும்பாலான கடன்களுக்கு நாங்கள் 0.40 சதவீதம் ஒதுக்கி வைப்போம். அந்த அளவு பயம் எல்லாருக்கும் வேண்டியதுதான். பதற்ற நோய் வந்த மனசு, நல்ல கடனுக்கெல்லாம் 100 சதவீதம் ஒதுக்குகிறது. அப்புறம் பிழைப்பு நடத்த முதல் ஏது? அவனிடம் போய் "தைரியமா இரு" என்பது, திவாலானவனைப் பார்த்து "பணக்காரனா இரு" என்பதைப் போல.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. பயந்து ஒதுங்கிய இடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போய்ப் பழக வைக்கிறார்கள். முதல் நாள் லிஃப்டில் ஒரு மாடி, அடுத்த வாரம் மூன்று. ஒதுங்க ஒதுங்கத்தான் பயம் வளருமாம். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடப் பழகினேன். டீயைக் குறைத்தேன். தைராய்டு சோதித்தார்கள், ஏனென்றால் அதுவும் படபடப்பைக் கொடுக்கும். எழுதித் தந்த மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆனது. நண்பரின் அல்பிரஸோலமோ அரை மணியில் கேட்கும், ஆனால் நாளாக ஆக அடிமையாக்கும், திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. டாக்டர் சீட்டில்லாமல் விற்கவே கூடாது. எங்கள் கிளையில் அது யார் யார் பையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்பார்கள் பெரியவர்கள். இருந்தது ஐயா. "நரம்புத் தளர்ச்சி" என்று பெயர் வைத்து டானிக் குடித்தீர்கள்.

இனி என் இனத்தார் விஷயம். டென்ஷன் என்ற வார்த்தை நிர்வாகத்துக்கு ரொம்ப வசதி. நோய் என்றால் சிகிச்சை, விடுப்பு, பொறுப்பு எல்லாம் வரும். டென்ஷன் என்றால் அது உன் பலவீனம், அவ்வளவுதான். முக்கியப் பொறுப்பில் இருப்பவன் வருஷத்துக்குக் குறைந்தது 10 வேலை நாள், முன்கூட்டிச் சொல்லாமல், கட்டாய விடுப்பில் அனுப்பப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. எதற்கு? அவன் இல்லாத நேரத்தில் ஏதாவது மோசடி வெளியே வருகிறதா என்று பார்க்க! நான் திருடினேனா என்று பார்க்கப் பத்து நாள். நான் தூங்கினேனா என்று கேட்க ஒரு நிமிஷம் கிடையாது.

மாத்திரை என் படபடப்பைத்தான் குறைக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் "இன்றைய எண் என்ன?" மெசேஜைக் குறைக்காது. அதற்குச் சங்கம் பேச வேண்டும். சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் கொடி பிடித்தவர்கள் இதற்கும் பிடிக்கட்டும். உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது. நம் பாலிசியில் அதைக் கேட்டு வாங்குபவர் எத்தனை பேர்?

நான் இப்போது லிஃப்டில்தான் போகிறேன். எப்போதாவது நெஞ்சு படபடக்கும், இறங்கிவிடும். நெஞ்சு வலித்தால் முதலில் இதயத்தைப் பாருங்கள், அதில் சமாதானம் வேண்டாம். எல்லாம் நார்மல் என்று வந்தும் படபடப்பு நிற்காவிட்டால் அடுத்த கதவைத் தட்டுங்கள். ஆஸ்பத்திரி வாசல் ஏறக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ், இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஸ்கூட்டரை வாசலிலேயே நிறுத்துங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.