பள்ளிகளில் போதைப் பரிசோதனை வேண்டாம்: அயனம்பாக்கம் பெற்றோர், ஆசிரியர்களின் நிலைப்பாடு

அயனம்பாக்கம், வானகரம், அத்திப்பட்டு, திருவேற்காடு பகுதிகளில் வசிக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த சங்கம் எங்களுடையது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கும் எல்லாப் பிள்ளைகளின் சிறுநீரையும் பள்ளியிலேயே எடுத்துப் போதைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற யோசனை பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. நாங்கள் அதை எதிர்க்கிறோம். பரிசோதனை மருத்துவரின் கையில், சிகிச்சையின் ஒரு பகுதியாக மட்டுமே இருக்க வேண்டும். பள்ளி நிர்வாகத்தின் கையில் அது ஒருபோதும் இருக்கக் கூடாது.

இதைக் கேட்பவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவர்கள் பயம் எங்களுக்கும் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகும் அப்பா, அம்மா இருவரும் வீடு திரும்ப இரவாகிவிடும் குடும்பங்கள் எங்களில் நிறைய. பள்ளி விட்டதற்கும் பெற்றோர் வருவதற்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரம் பிள்ளை யாரோடு இருந்தான் என்று தெரியாத பதற்றம் எங்களுக்குப் புதிதல்ல. ஹான்ஸ், கூல் லிப் புகையிலைப் பொட்டலங்களில் தொடங்கி, கஞ்சா, வலி மாத்திரை, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் என்று பிள்ளைகளின் கைக்கு எட்டுபவை பலவிதம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, பெரியவர்களைவிடப் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் அதிகம் புழங்கும் ஒரே போதை வகை இப்படி முகர்ந்து இழுக்கும் பொருள்கள்தான் என்கிறது. அந்தப் பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்படும் சிறார்கள் நாடு முழுவதும் சுமார் 4.6 லட்சம் பேர்.

பரிசோதனை என்றால் எதைச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். பெரும்பாலும் அது ஒரு காகிதப் பட்டை. சிறுநீரில் நனைத்து ஐந்து நிமிடம் வைத்தால் கோடு தெரியும். ஒவ்வொரு போதைப் பொருளுக்கும் தனிக் கட்டம். கட்டுப்பாட்டுக் கோட்டோடு இரண்டாவது கோடும் வந்தால் அந்தப் பொருள் இல்லை என்று பொருள். இரண்டாவது கோடு வராவிட்டால்தான் சந்தேகம். மங்கலாக வந்தாலும் அது 'இல்லை'தான். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். பதற்றத்தில் இருக்கும் ஒரு பெற்றோரோ, வரிசையாக நூறு பட்டைகளைப் பார்க்கும் ஒரு அலுவலரோ இதை மாற்றிப் படித்தால் ஒரு பிள்ளையின் பெயர் கெட்டுவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், பட்டை தேடுவது ஒன்று, ஊரில் புழங்குவது வேறொன்று. சென்னையிலும் சுற்று வட்டாரத்திலும் காவல்துறை திரும்பத் திரும்பப் பிடிப்பது டேபென்டடால் என்ற வலி மாத்திரை. அதைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கொடுமையைச் செய்திகளில் எல்லோரும் படித்திருக்கிறோம். அபினி வகைக்கான வழக்கமான பட்டை மார்ஃபினைத் தேடும்படி செய்யப்பட்டது. டேபென்டடாலின் மூலக்கூறு அமைப்பே வேறு என்பதால் அதில் சிக்காது. நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் வழக்கமான பட்டைத் தொகுப்பில் இல்லை. சொல்யூஷனை இழுத்தவனையும் இந்தப் பட்டை காட்டாது. கஞ்சா மட்டும் நன்றாகவே சிக்கும்: ஒரு முறை புகைத்தால் சில நாள், தினமும் புகைத்தவர் உடலில் ஒரு மாதம் வரைகூட. ஆக, மூன்று வாரத்துக்கு முன் மனம் திருந்தி நிறுத்திய பையன் மாட்டுவான். அன்று காலை மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவன் தப்பிவிடுவான். இது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகாது. எது சிக்காதோ அதற்கு மாறுவார்கள். கஞ்சாவிலிருந்து ஒரு சிறுவனை ஊசிக்குத் தள்ளிவிட்டு, பள்ளியில் எல்லோருக்கும் 'இல்லை' என்று வந்தது என நாம் நிம்மதியாக இருப்போம். எங்களுக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான்.

தவறில்லாத பிள்ளை மாட்டுவதும் நடக்கும். குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா அபினிச் செடியின் விதை. அதில் ஒட்டியிருக்கும் மிகச் சிறிதளவு மார்ஃபின் சிறுநீரில் வரக்கூடும். இதற்காகவே அமெரிக்க அரசு தன் ஊழியர் பரிசோதனையில் அபினி வகைக்கான வரம்பை 1998இல் ஒரு மில்லி லிட்டருக்கு 300 நானோ கிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தியது. விலைக்குக் கிடைக்கும் பட்டைகள் பலவற்றில் இன்றும் அந்தப் பழைய 300தான். கோடீன் கலந்த இருமல் மருந்தும், மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் இதே குழப்பத்தைத் தரும். அதனால்தான் பட்டையின் விடையை மருத்துவ உலகம் முடிவாகக் கொள்வதில்லை. ஆய்வகத்தில் நிறமாலைமானி கொண்டு மறுபடி சோதித்து உறுதி செய்த பின்பே பேசுவார்கள். அதற்குச் செலவும் நாளும் ஆகும். எந்தப் பள்ளி அந்த முடிவு வரும்வரை வாயைத் திறக்காமல் காத்திருக்கும்?

சிறுநீர் எடுக்கும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். யாரும் பார்க்காமல் எடுத்தால் தண்ணீர் கலக்கலாம், நண்பனுடையதை வாங்கிக் கொடுக்கலாம். அதைத் தடுக்க ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பதினான்கு வயதுப் பெண்பிள்ளையைப் பள்ளிக் கழிவறையில் நிறுத்தி இதைச் செய்யச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பையனையும் அப்படி நிறுத்தக் கூடாது. கூச்சம் மிகுந்த வயது அது.

இவ்வளவும் செய்து பலன் உண்டா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995இல் விளையாட்டு வீரர்களான மாணவர்களுக்கும், 2002இல் பள்ளி சார்ந்த போட்டிகளிலும் மன்றங்களிலும் சேரும் மற்ற மாணவர்களுக்கும் பரிசோதனையை அனுமதித்தது. அடுத்த ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 722 பள்ளிகளின் தரவுகளை அலசி, பரிசோதனை செய்யும் பள்ளிக்கும் செய்யாத பள்ளிக்கும் போதைப் பழக்கத்தில் வேறுபாடு இல்லை என்று வெளியிட்டார்கள். அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் பள்ளிகளில் இப்படிப் பொதுவாகப் பரிசோதிப்பதை ஆதரிப்பதில்லை.

விடை 'உண்டு' என்று வந்தபின் நடப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். இப்போதைய நடைமுறையை நாம் அறிவோம்: பெற்றோரைக் கூப்பிட்டு, சத்தமில்லாமல் டி.சி. கொடுத்து அனுப்புவது. பள்ளியின் பெயர் காப்பாற்றப்படும். பையன் காலை ஒன்பது மணிக்குப் போக இடமில்லாமல், யார் அவனுக்கு மாத்திரை தந்தானோ அவனிடமே போய் நிற்பான். எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதே பாதுகாப்பைப் பள்ளிகள் தாமாகவே தர வேண்டும். பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்று 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே 64ஏ பிரிவில் சொல்கிறது. குற்றவியல் சட்டம் காட்டும் கருணையைப் பள்ளிக்கூடம் காட்ட மறுப்பது எப்படிச் சரியாகும்?

பரிசோதனையே வேண்டாம் என்பதல்ல எங்கள் வாதம். மயங்கிய நிலையில் ஒரு பிள்ளை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால், என்ன உட்கொண்டது என்று மருத்துவர் அறிந்தே ஆக வேண்டும். சிகிச்சையில் இருக்கும் பிள்ளை, தன் சம்மதத்தோடு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பரிசோதித்துக்கொள்வதும் நல்லதே. விலகியிருக்கிறோம் என்று அவனுக்கே அது ஒரு தெம்பு. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் கட்டாயம் தேவை. பள்ளிப் பரிசோதனை பற்றிய பேச்சில் இதை யாரும் நினைப்பதே இல்லை. இந்த முடிவுகள் எதுவும் பள்ளிப் பதிவேட்டுக்குப் போகக் கூடாது.

பட்டைகளுக்குச் செலவிட நினைக்கும் பணத்தைப் பள்ளிகள் ஒரு முழுநேர ஆலோசகருக்குச் செலவிடட்டும். அவரிடம் பிள்ளை சொன்னது தலைமையாசிரியர் அறைக்குப் போகாது என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். எங்கள் பகுதியில் ஒவ்வொரு பள்ளி வாசலிலிருந்தும் அந்தத் தூரத்தை அளந்து கோடு போட வேண்டும் என்று உள்ளாட்சி நிர்வாகத்தைக் கேட்கிறோம். மருத்துவர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை விற்கும் கடைகளின் உரிமத்தை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ரத்து செய்ய வேண்டும். சிறாருக்குப் போதைப் பொருள் தருபவருக்கு ஏழு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு. ஆவடி காவல் ஆணையரகம் தன் வழக்குகளில் இந்தப் பிரிவைத் தவறாமல் சேர்க்க வேண்டும். தேடுதல் வேட்டை விற்பவனை நோக்கிப் போகட்டும், பிள்ளையின் புத்தகப் பையை நோக்கியல்ல.

ஆன்லைனில் பட்டை வாங்கி வைத்திருக்கும் பெற்றோருக்கு: பிள்ளைக்குத் தெரியாமல் சோதிக்காதீர்கள். தூக்கம் மாறுவது, பழைய நண்பர்களை விட்டு விலகுவது, காசு காணாமல் போவது, வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருப்பது போன்றவை தெரிந்தால் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். அடிக்காதீர்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை இருக்கிறது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மன அழுத்தத்துக்கு 14416, ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு 1098. விற்பவர்களைப் பற்றிச் சொல்ல 10581. இந்த நான்கு எண்களையும் எழுதிய பலகையை அயனம்பாக்கத்தில் உள்ள ஒவ்வொரு பள்ளி வாசலிலும் எங்கள் செலவில் வைத்துத் தருகிறோம். பள்ளிகள் அனுமதி தந்தால் போதும்.