கைப்பையில் துப்பாக்கியா, தெருவில் விளக்கா?

2014-ஆம் ஆண்டு ஜனவரியில், கான்பூரிலுள்ள சர்க்கார் ஆயுதத் தொழிற்சாலை சின்னஞ்சிறு ரிவால்வர் ஒன்றை விற்பனைக்கு விட்டது. எடை அரைக் கிலோ. டைட்டானியம் கலந்த உலோகத்தில் செய்தது. .32 அளவுத் தோட்டா ஆறு கொள்ளும். நகைக்கடையில் தரும் பெட்டி போன்ற அழகான பெட்டியில் அதை வைத்துத் தந்தார்கள். பெண்களின் கைப்பைக்கென்றே செய்தது என்று பெருமை பேசினார்கள்.

அதற்குச் சூட்டிய பெயர் 'நிர்பீக்'. 2012 டிசம்பர் 16-ந் தேதி இரவு டில்லியில், ஓடும் பேருந்தில் வெறியர்களால் சீரழிக்கப்பட்டு, பிறகு உயிர்நீத்த மாணவியை 'நிர்பயா' என்று நாடு அழைத்ததே, அந்தப் பெயரின் சாயல்தான் இது. இரண்டுக்கும் 'அச்சமற்ற' என்பதே பொருள். விலை 1,22,360 ரூபாய்!

நாள் கூலி 300 ரூபாய் வாங்கும் ஒரு பெண், சோறு உண்ணாமல், வாடகை கொடுக்காமல், பிள்ளைக்குப் பால் வாங்காமல், 408 நாள் உழைத்தால்தான் இந்த அச்சமின்மையை விலைக்கு வாங்கலாம். அச்சமின்மைக்கும் கடையில் விலை உண்டு என்று எழுதி ஒட்டிய சர்க்காரை என்னென்பது!

ஆண்டுகள் உருண்டன. ஆனால், எங்கேனும் ஒரு கொடுமை நடந்தால் அந்தப் பழைய பேச்சு மறுபடியும் தலைதூக்குகிறது. "பெண்ணின் கையில் துப்பாக்கியைக் கொடுங்கள், எவன் நெருங்குவான் பார்ப்போம்!" என்கிறார்கள். நம் தோழர்களில் சிலருங்கூட இதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். அவர்களுடைய ஆத்திரம் நமக்கும் உண்டு. மானத்தைக் காக்கப் போராடும் பெண், தாக்க வந்தவனின் உயிரைப் போக்க நேர்ந்தாலும் அது குற்றமாகாது என்று சட்டமே சொல்கிறது. அந்த உரிமையை நாம் மறுக்கவில்லை. அந்த உரிமைக்குத் துணையாக நீட்டப்படும் கருவி எப்படிப்பட்டது என்பதைத்தான் ஆராய விரும்புகிறோம்.

சிறியதாக இருந்தால் கையாள எளிது என்று எண்ணுவது இயற்கை. துப்பாக்கி விஷயத்தில் கதை தலைகீழ். குழல் குட்டையானால் குறிபார்க்கும் முனைகள் இரண்டும் நெருங்கி நிற்கும். கை இம்மியளவு ஆடினாலும் குண்டு வேறெங்கோ போகும். எடை குறையக் குறைய, சுடும்போது பின்னுதைப்பு கூடும். பிடி சிறுத்தால் விரலுக்கு இடம் போதாது. ரிவால்வரை எடுத்தால் விசை கனக்கும். பழகாத விரல் இழுக்கும்போதே குறி கலையும். பிஸ்டலை எடுத்தால் விசை இலகுதான். ஆனால் மணிக்கட்டு தளர்ந்தால் தோட்டா சிக்கி நின்றுவிடும். மறைக்க எளிதானது எதுவோ, அதுவே சுடக் கடினமானது. ஆகவே, பார்க்க அழகாக இருக்கிறதென்று பொறுக்கி எடுக்கும் பண்டமல்ல இது. தன் கைக்கு அடங்குமா, தன் விரலுக்கு இணங்குமா என்று பலமுறை சுட்டுப் பார்த்தே தேர வேண்டும்.

தேர்ந்தெடுத்ததோடு தீர்ந்ததா? பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது. துப்பாக்கி வைத்த பையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவிக்கொத்தோ சீப்போ விசையில் மாட்டினால் ஆபத்து. விசையை மூடும் உறை ஒன்று கட்டாயம் வேண்டும். வியர்வையின் உப்பு வில்லையும் திருகாணியையும் அரிக்கும். எண்ணெய் குறைந்தால் துரு ஏறும். கூடினால் தூசி அப்பும். பஞ்சாலையில் வேலை செய்யும் சகோதரியின் பையைக் கவிழ்த்துப் பாருங்கள், எத்தனை பஞ்சுத் துணுக்கு உதிர்கிறதென்று! அத்தனையும் கருவிக்குள் புகும். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் தோட்டா இல்லை என்பதை இரு தடவை பார்த்தாக வேண்டும். நாள்பட்ட தோட்டாவை மாற்ற வேண்டும். வீட்டில் பிள்ளையின் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விடாத பயிற்சி வேண்டும். லேத்தில் நிற்கும் தோழருக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. வாங்கிய கருவி வேலை செய்யாது. பழகிய கருவிதான் வேலை செய்யும். காலையில் சமையல், பகலெல்லாம் ஷிப்டு, மாலையில் தண்ணீர்க் குடம் என்று ஓடுகிறவளுக்குப் பயிற்சிக்கு நேரம் ஏது? தோட்டாவுக்குக் காசு ஏது?

லைசென்சு வேறு இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்க வேண்டும். ஆபத்து உண்டென்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். கூலிக்காரியின் மனு எந்த மேசையில் எத்தனை மாதம் தூங்கும் என்பதை நாம் சொல்லவா வேண்டும்?

இத்தனையும் கைகூடியது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் குழலை அவள் யார்மீது நீட்டுவாள்? சர்க்காரின் குற்றப் பதிவேடு ஆண்டுதோறும் ஓர் உண்மையைச் சொல்கிறது. பலாத்கார வழக்குகளில், பத்தில் ஒன்பதுக்கு மேல், குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன்! உறவுக்காரன், அண்டை வீட்டான், காதலன் என்று வந்தவன், வேலை கொடுத்தவன். இருட்டில் பாயும் அந்நியனை மனத்தில் வைத்துச் செய்த கருவி, பகலில் சிரித்துப் பேசும் மேஸ்திரியிடமிருந்து எப்படிக் காக்கும்? கைப்பையைப் பறித்தவன் கையில் துப்பாக்கியும் சேர்ந்து போனால், பிறகு யார் யாருக்கு அஞ்சுவது?

ஜேபித் துப்பாக்கியைக் குடும்பப் பண்டமாக்கிய நாடு அமெரிக்கா. 1865 ஏப்ரல் 14-ந் தேதி இரவு நாடகம் பார்த்துக்கொண்டிருந்த ஆப்ரகாம் லிங்கனைப் பின்னாலிருந்து சாய்த்தது, உள்ளங்கையில் அடங்கும் டெரிஞ்சர் துப்பாக்கிதான். இன்று அங்கே 29 மாநிலங்களில் அனுமதிச் சீட்டே இல்லாமல் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு நடமாடலாம். அச்சம் ஒழிந்ததா? 2021-ஆம் ஆண்டில் மட்டும் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கள்வனுக்கென்று வாங்கிவைத்தது, வாங்கிய வீட்டின் விளக்கையே அணைத்தது. அதைக் கொண்டு தப்பியவர்கள் இல்லவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கொடுத்த விலை கண்ணெதிரே இருக்கிறது.

பின், உழைக்கும் பெண்ணுக்குக் காவல் எது? காகிதத்தில் இருப்பவை சில உண்டு. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில், பெண்கள் இரவு ஷிப்டு பார்ப்பதைத் தடுத்த பாக்டரிச் சட்ட விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. நீக்கியபோதே, வீட்டிலிருந்து வந்துபோக வாகனமும் தக்க பாதுகாப்பும் முதலாளி தரவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு அமைக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பலாத்காரப் புகாரைப் பதிய மறுக்கும் போலீஸ் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் என்று அதே ஆண்டில் குற்றவியல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது.

சட்டம் இருக்கிறது; வாகனம் வந்ததா? குழு இருக்கிறது, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று தொழிலாளிக்குத் தெரியுமா? மில் கேட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை எத்தனை விளக்கு எரிகிறது? கடைசிப் பேருந்து ஷிப்டு முடியும் முன்பே போய்விடுகிறதா, பிறகு போகிறதா? நம் தோழர்கள் எண்ணிச் சொல்ல வேண்டிய கணக்கு இது. தோட்டாக் கணக்கு நமக்கு வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. இடுப்பில் துப்பாக்கி இருந்தால் மதிப்பு என்ற எண்ணம் அரசியலிலும் புகுந்திருக்கிறது. லைசென்சுத் துப்பாக்கியை அந்தஸ்தின் அடையாளமாக நினைக்கும் பிரமுகர்களை ஊருக்கு ஊர் காண்கிறோம். தேர்தல் வந்தால் அந்தத் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, ஏன்? அது உள்ள இடத்தில் வாதம் ஓய்ந்துவிடும் என்பது அதிகாரிகளுக்கே தெரியும். 1948 ஜனவரி 30-ந் தேதி, பிரார்த்தனைக்கு நடந்துவந்த காந்தியாரை மாய்த்ததும் மறைத்துக் கொண்டுவந்த ஒரு சின்னப் பிஸ்டல்தான். மூன்றே குண்டு! அந்த மனிதரோடு வாதாடி வெல்ல வக்கில்லாதவன் செய்த வேலை அது.

நம் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, கூட்டம் கூடும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை அது. ஏழையிடம் இருக்கும் படைக்கலம் அந்தக் கூட்டம் ஒன்றுதான். அதற்கு லைசென்சு இல்லை, 1,22,360 ரூபாய் விலை இல்லை. ஆனால், அதற்கும் பராமரிப்பு உண்டு. பயன்படுத்தாமல் வைத்தால் அதுவும் துருப்பிடிக்கும்.

ஆகவே தோழர்களே, இந்த வாரமே புறப்படுங்கள். உங்கள் ஆலை வாசலிலிருந்து நிறுத்தம் வரை நடந்து, எரியாத விளக்குகளை எண்ணுங்கள். இரவு ஷிப்டு வாகனம் எங்கே என்று கேளுங்கள். புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். பெண்களை முன்னிறுத்தி மனுக் கொடுங்கள். மறுத்தால் கூட்டம் போடுங்கள். நம் சகோதரி கைப்பையில் சோற்றுப் பாத்திரத்தோடு நள்ளிரவில் நிமிர்ந்து நடந்து வரட்டும். அந்த நாளை உண்டாக்குவது நம் கடமை!