ஜப்பானுக்குப் பிள்ளைகளோடு

அச்சுவேலி வாசகி ஒருவர், பிள்ளைகளுடன் ஜப்பானுக்குச் சொகுசாகச் சென்றுவர யோசனை கேட்கிறார். சகோதரி, பலாலி பக்கத்தில்தான். ஆனால் நரிட்டாவுக்கு நேர் விமானம் கட்டுநாயக்காவிலிருந்தே. ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை அங்கே விடுமுறைக் கூட்டம், தவிருங்கள்.

பணம் அதிகம் கரையும் இடம் ‘ரியோக்கான்’ எனும் மரபு விடுதி. வெந்நீர் ஊற்றில் பலர் சேர்ந்து உடையின்றிக் குளிப்பது வழக்கம்; பெண்களுக்குத் தனியிடம் என்றாலும் நமக்கு ஆகாது. கூடுதலாகக் கொடுத்தேனும் தனிக் குளியலுள்ள அறையைக் கேளுங்கள். சொகுசு என்றால் அதுதான்! விருந்தில் பன்றியிறைச்சி இல்லாவிட்டாலும் ‘மிரின்’ என்ற இனிப்பு மது குழம்பில் கலந்திருக்கும். பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். போய் இறங்கிக் கேட்டால் பிள்ளைகளுக்கு வெறுஞ்சோறுதான்.

கோபே பள்ளிவாசலையும் காட்டுங்கள். 1935இல் எழுந்தது, 1945 குண்டுவீச்சுக்கும் 1995 பூகம்பத்துக்கும் தப்பி நிற்கிறது.