தலைமை ஆசிரியர் இல்லாத நேரம்

செப்டம்பர் 5-ந் தேதி ஆசிரியர் தினம். டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த நாள். 1962 முதல் கொண்டாடி வருகிறோம். சிறு வயதில் அவர் படித்த ஊர்களில், ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள வாலாஜாபேட்டையும் ஒன்று.

அன்று ஆசிரியர்களுக்கு மாலை உண்டு. பாராட்டு உண்டு. ஆனால் மறுநாள் காலை அவர்கள் எந்த முகத்தோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிறார்கள் என்பது, பெரும்பாலும் ஒரே ஒருவர் கையில்தான் இருக்கிறது. அவர் தலைமை ஆசிரியர்.

சிலர் அதட்டியே காரியம் நடத்துவார்கள். சிலர் எதிலும் தலையிட மாட்டார்கள். கையெழுத்துப் போடுவதோடு சரி. சிலர் மட்டும் எல்லோரையும் உட்கார வைத்து, "என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள்.

எது நல்லது? கர்ட் லெவின் என்ற மனோதத்துவ அறிஞரும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 1939-ல் வெளிவந்தது. பத்து வயதுப் பையன்களுக்கு, முகமூடி செய்வது போன்ற கைவேலை கொடுத்தார்கள். அதட்டும் தலைவர் இருந்தவரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது! கலந்து பேசும் தலைவர் வெளியே போனபோதோ, பையன்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

பையன்கள் வேறு, ஆசிரியர்கள் வேறு என்பீர்கள். சரிதான். ஆனால் நம் பகுதியை எண்ணிப் பாருங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் தாய்மார்கள் பலர் காலையிலேயே தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளை பள்ளிக்குப் போனதா என்பது அவர்களுக்கு மாலையில்தான் தெரியும். நாலு நாள் வராத பிள்ளையைத் தேடி ஓர் ஆசிரியை போனால்தான் உண்டு. இதை உத்தரவு போட்டு வாங்க முடியாது. அவசர லீவு கேட்டதற்கு எல்லோர் எதிரிலும் வசை வாங்கியவர், மாலையில் அந்தத் தெருவுக்குப் போவாரா?

தலைமை ஆசிரியர் மீது மட்டும் பழி போடுவது நியாயம் அல்ல. தொடக்கப் பள்ளியில் அவரே பாடம் நடத்த வேண்டும். கணினியில் புள்ளிவிவரமும் ஏற்ற வேண்டும். மேலே இருப்பவர்கள் அவரை அதட்டுகிறார்கள். அவர் கீழே அதட்டுகிறார். பாடம் நடத்தத் தெரிந்தால் ஆட்களை நடத்தவும் தெரியும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பதவியோடு அதற்கான பயிற்சியும் கொடுங்கள். எழுத்து வேலைக்கு ஓர் ஆளும் கொடுங்கள்.

பெற்றோர்களே! பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போனால், கழிப்பறையையும் குடிநீரையும் விசாரிப்பதோடு, "உங்களுக்கு இங்கே என்ன குறை?" என்று ஆசிரியர்களையும் கேளுங்கள். தலைமை ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.