வைரஸ் வந்தால் பார்மட்தானா?

கம்ப்யூட்டரில் வைரஸ் என்றதும் பல சர்வீஸ் கடைகளில் முதலில் சொல்வது "பார்மட் பண்ணிடலாம் சார்" என்பதுதான். இது சோம்பேறி வைத்தியம் என்பது என் கருத்து.

என் பெரியப்பாவின் பென் டிரைவில் போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்களாக மாறிவிட்டன. பயந்துபோய் கம்ப்யூட்டரையும் பென் டிரைவையும் கடையில் கொடுத்தார். இரண்டையும் பார்மட் செய்து மாலையே தந்துவிட்டார்கள். அக்காவின் கல்யாண போட்டோக்கள் காலி!

இந்த ஷார்ட்கட் வைரஸ் பொதுவாக பைல்களை அழிப்பதில்லை, மறைத்துத்தான் வைக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிபெண்டர் ஆப்லைன் ஸ்கேன்' உண்டு. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக இயங்கும் முன்பே வைரஸைத் தேடும். சுமார் 15 நிமிட வேலை, காசு கிடையாது. பின் பென் டிரைவையும் ஸ்கேன் செய்துவிட்டு, போல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த பைல்களைக் காட்டச் சொல்லுங்கள். சிஸ்டம் பைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ரேன்சம்வேர் என்றால் கதை வேறு. அது பைல்களையே பூட்டிவிடும். பெரும்பாலும் தனியே வைத்த பேக்கப்தான் கைகொடுக்கும். ஸ்கேனுக்கும் அடங்காத வைரஸுக்குப் பார்மட் சரிதான். ஆனால் போட்டோ, டாகுமெண்ட்களை எடுத்து வைத்த பிறகு.

பெரியப்பாவுக்குச் செய்தது குயிக் பார்மட். போட்டோரெக் என்ற இலவச புரோகிராம் மூலம் பாதிக்கு மேல் மீட்டேன். கடையிலிருந்து வந்ததும் அதே பென் டிரைவில் பாட்டுகளைக் காப்பி செய்திருந்தார். அந்த இடத்தில் இருந்த படங்கள் போனது போனதுதான். முகூர்த்தப் படங்களும் அதில் அடக்கம்.