அம்மாவின் சங்கிலியும் பெரிய பெட்டியும்

"அம்மா! உன் சங்கிலியைக் கொடு. அடகு வைத்து நாலு பெரிய பெட்டி வாங்கப் போகிறேன். வைகாசி முடிவதற்குள் மீட்டுத் தந்து விடுகிறேன்."

இப்படிக் கேட்கிற பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள்.

பிள்ளை சோம்பேறி அல்ல. கெட்டவனும் அல்ல. மைக் செட் வைத்துப் பிழைக்கிறவன். அப்பா காலத்தில் குழாயும் இசைத்தட்டும் இருந்தன. இப்போது இரண்டு பெட்டி, ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு மிக்சர், ஒரு லேப்டாப். தொழிலின் பெயரும் மாறிவிட்டது. "டி.ஜே." என்கிறார்கள்.

தொழிலைப் பெருக்க ஆசைப்படுவது தப்பே இல்லை. ஆனால் கையில் இருப்பது கொஞ்சப் பணம். அதை வைத்து எதை முதலில் வாங்குவது? இங்கேதான் பலர் சறுக்கி விழுகிறார்கள்.

என் கருத்தைச் சொல்லி விடுகிறேன். முதலில் பாதுகாப்பை வாங்கு. அடுத்துத் தெளிவை வாங்கு. சத்தத்தைக் கடைசியில் வாங்கு!

வாட்ஸ் கணக்கு

"500 வாட்ஸ் வைத்திருக்கிறேன். 1,000 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகும்" என்று தம்பி நினைக்கிறான்.

ஆகாது!

சத்தத்தை அளக்கும் அளவுக்கு டெசிபல் என்று பெயர். வாட்ஸ் இரண்டு மடங்கு ஆனால், கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்றுதான் தெரியும். இரண்டு மடங்கு சத்தம் போலக் கேட்க வேண்டுமானால், ஏறக்குறைய 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். பத்து மடங்குக்குப் பணம் எங்கே இருக்கிறது?

அதிகச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பெட்டியைத் தரையில் வைக்காதே. ஸ்டாண்டில் ஏற்றி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே வை. தரையில் வைத்தால் முன் வரிசை ஆட்களே சத்தத்தை மறைத்து விடுவார்கள். பின் வரிசைக்குப் பேச்சு தெளிவாகப் போகாது. நல்ல ஸ்டாண்டு இரண்டு வாங்கினால், பழைய பெட்டியே புதுப் பெட்டி போலப் பேசும்.

மைக்கைப் பெட்டிக்கு முன்னால் நீட்டாதே. பெட்டியின் சத்தம் மறுபடியும் மைக்கில் புகுந்து "கூ" என்று ஊளையிடும். பெட்டி முன்னால், மைக் பின்னால். இதற்குக் காசு வேண்டாம். கவனம் போதும்.

ஆளைக் கேட்காமல் பெட்டிகளைச் சேர்த்துக் கொண்டே போகாதே. 8 ஓம் பெட்டிகள் இரண்டை ஒரே வழியில் பக்கம் பக்கமாக இணைத்தால் 4 ஓம் ஆகும். நாலை இணைத்தால் 2 ஓம். உன் ஆம்ப்ளிபயர் எந்த அளவு வரை தாங்கும் என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கும். அதற்குக் கீழே போனால் ஆம்ப்ளிபயர் சூடேறும். புகைந்தும் போகும். சங்கிலி போனது போதாது என்று ஆம்ப்ளிபயரும் போகும்!

உயிர் முக்கியம்

ஈரத் தரை. கிழிந்த ஒயர். அதை ஒட்டிய டேப். பந்தலுக்குள் ஓடி விளையாடும் குழந்தைகள். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மூன்று முள் பிளக்கில் பெரிய முள்தான் எர்த். "சாக்கெட்டில் நுழையவில்லை" என்று அதை வெட்டி எறிகிறவர்கள் உண்டு. அது முள் அல்ல, உயிருக்குக் காவல். கம்பத்து லயனில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பதோ, எமனைக் கூப்பிட்டு உட்கார வைப்பது போல.

மின்சாரம் கசிந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் துண்டித்து விடும் சாதனம் கடையில் கிடைக்கிறது. "30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி." என்று கேட்டு வாங்கு. விலை ஒரு பெரிய பெட்டியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு பலகையில் பொருத்திக் கொள். போகிற இடமெல்லாம் அந்தப் பலகையும் கூடவே வரட்டும். கையில் இருக்கும் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். இரண்டாவது செலவு, கிழியாத நல்ல ஒயர்.

பத்து மணிக்கு மேல்

2000-ம் ஆண்டு மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டு வந்தது. ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் வைக்கக் கூடாது. விழா நாட்களில் அரசு தரும் சில சலுகைகள் தனி. அமைதிப் பகுதி என்று அறிவித்த ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி காக்க வேண்டும்.

இதைத் தெரிந்து வைத்திருப்பவனுக்கு ஊரில் மரியாதை உண்டு. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். நெஞ்சு வலிக்காரப் பெரியவர் படுத்திருப்பார். சன்னல் அதிர வைப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல. கல்யாணத்துக்கு வந்த சம்பந்திகள் நாலு வார்த்தை பேச முடியாமல் தவித்தால், அடுத்த கல்யாணத்துக்கு உன்னை யார் கூப்பிடுவார்கள்?

எப்படிப் பெருக்குவது?

பெரிய வேலை வந்தால், பக்கத்து ஊர் மைக் செட்காரரிடம் பேஸ் பெட்டியை வாடகைக்கு எடு. அந்த வாடகையை ஒரு நோட்டில் எழுதி வை. ஒரே சாமானுக்கு மறுபடியும் மறுபடியும் வாடகை கொடுப்பதாக நோட்டு சொன்னால், அன்றைக்கு அதைச் சொந்தமாக வாங்கு. அதுவரை ஒவ்வொரு வேலைக் கூலியிலும் ஒரு பங்கைத் தனியாகப் போட்டு வை.

பழைய பெட்டியும் வாங்கலாம். ஆனால் ஒரு மணி நேரம் பாடவிட்டுக் கேட்ட பிறகு வாங்கு.

கடன் வாங்கும் முன் காலண்டரைப் பார். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் கல்யாணம் உண்டு. ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் அம்மன் கோவில் கை கொடுக்கும். புரட்டாசியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை ஏது? ஆனால் வட்டிக்காரருக்குப் புரட்டாசியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. மாதம் பிறந்தால் வாசலில் நிற்பார்.

தாய்மார்களே! மகன் சங்கிலியைக் கேட்டால் திட்டாதீர்கள். "உன் ஒயர் நன்றாக இருக்கிறதா? எர்த் இருக்கிறதா? வாடகை நோட்டு எங்கே?" என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

மூன்றுக்கும் சரியான பதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு, உங்கள் சங்கிலி தேவைப்படாது!