முதுகெலும்பு முறிந்தால் கோர்ட்டா, சொக்சோவா?

தோட்டத் தொழிலாளர்களே,

செம்பனைக் காட்டில் அடிபடாத ஆள் கிடையாது. முள் குத்தும், அரிவாள் கிழிக்கும், அதெல்லாம் ஆறிப்போகும். முதுகெலும்பு அப்படியில்லை. இருபது கிலோ குலை தோளில் விழுந்தாலோ, ஆள் ஏற்றிய டிராக்டர் பள்ளத்தில் கவிழ்ந்தாலோ, குடும்பத்தலைவன் படுத்த படுக்கைதான். அப்புறம் வீட்டுக்கு ஆலோசனைக்காரர்கள் வருவார்கள். "கம்பெனி மேல கேஸ் போடு, லட்சக்கணக்கில வாங்கலாம்" என்பார்கள். சில பேர் முன்பணமும் கேட்பார்கள். கொடுத்துவிடாதீர்கள்.

1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, சொக்சோவில் உள்ள தொழிலாளி வேலையில் அடிபட்டால், முதலாளி மீதோ கூட வேலை செய்தவர் மீதோ நஷ்டஈட்டு வழக்குப் போடத் தடை விதிக்கிறது. இது நியாயமா என்று கேட்டால், என் கணக்கில் பாதி நியாயம். யார் குற்றம் என்று நிரூபிக்காமலே பணம் கிடைக்கிறது. வருஷக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டாம். ஆனால் பட்ட வேதனைக்கென்று சொக்சோவில் ஒரு காசும் கிடையாது. பிரேக் இல்லாத டிராக்டரை ஓட்டச் சொன்ன நிர்வாகமும் தொழிலாளியின் வழக்கிலிருந்து தப்பித்துக்கொள்கிறது. வெளியார் லாரி வந்து மோதியது என்றால் சங்கதி வேறு. அந்த ஓட்டுநர் மீது வழக்குப் போடலாம், அதற்கு வக்கீல் வேண்டும்.

ஆகவே நம்முடைய போராட்டம் பெரும்பாலும் சொக்சோ அலுவலகத்தில்தான். அங்கே கேஸ் கெட்டுப்போவது எங்கே தெரியுமா? முதல் நாளிலேயே. விழுந்தவன் "சும்மா இடுப்பு பிடிச்சிக்கிச்சு" என்று எண்ணெய் தேய்த்துப் படுத்துவிடுகிறான். மூன்று வாரம் கழித்துக் கால் மரத்துப் போகிறது. ஸ்கேன் எடுத்தால் டாக்டர் "தேய்மானம்" என்று எழுதுகிறார். இருபது வருஷம் குலை தூக்கினவன் முதுகு தேயாமல் புதுசாகவா இருக்கும்? ஆனாலும் அன்றைக்கு விபத்து நடந்ததற்கு எழுத்து எங்கே என்றுதான் கேட்பார்கள்.

அதனால் அன்றைக்கே மண்டோரிடம் சொல்லுங்கள், பக்கத்தில் நின்றவரையும் சாட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் "முதுகு வலி" என்று மட்டும் சொல்லாமல், எந்தக் காட்டில், எத்தனை மணிக்கு, எது விழுந்தது என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். பாரம் 34இன் நகலைக் கிராணியிடம் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் முதுகு.

பணக் கணக்குக்கு வருவோம். விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளாவது எம்.சி. இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 60 வெள்ளி சம்பளக்காரருக்கு நாளுக்கு 48 வெள்ளி. உடல் பழையபடி ஆகாது என்றால் மருத்துவ வாரியம் உட்கார்ந்து விழுக்காடு போடும். இங்கேதான் கவனம் வேண்டும். முழு ஊனத்துக்கு நாள் சம்பளத்தில் 90 விழுக்காடு, அதில் வாரியம் போட்ட பங்குதான் நமக்கு. அதே 60 வெள்ளிக்காரருக்கு 40 விழுக்காடு போட்டால் நாளுக்கு 21 வெள்ளி 60 காசு, ஆயுசு முழுக்க. 15 போட்டால் 8 வெள்ளி 10 காசுதான். 20 விழுக்காடுவரை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள், கல்யாணக் கடன் இருக்கிறவன் உடனே தலையாட்டிவிடுவான். வாரியத்தின் முடிவு குறைவாகப் பட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கடிதம் மலாயில் இருக்கிறது என்று பிள்ளை வரும்வரை பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள்.

எழுந்து உட்காரவே முடியாமல் பிறர் துணை எந்நேரமும் தேவைப்படுபவருக்கு, வாரியம் சான்று கொடுத்தால் பராமரிப்புத் தொகையாக மாதம் 500 வெள்ளி உண்டு. மலாக்காவில் 2014 முதல் சொக்சோவின் மறுவாழ்வு மையம் நடக்கிறது. முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கு அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். அங்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

காண்ட்ராக்டர் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. காண்ட்ராக்டர் சந்தா கட்டவில்லை என்று சொல்லித் தோட்டம் கைகழுவ முடியாது; மூல முதலாளிக்கும் சட்டத்தில் பொறுப்பு உண்டு. பக்கத்தில் வேலை செய்யும் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும்கூட 1.1.2019 முதல் சொக்சோவில் சேர்க்கப்பட்டவர்கள்தான். ஓவர்டைம் காசும் சொக்சோ கணக்கில் சேர வேண்டும். இந்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, எவ்வளவு சம்பளத்துக்குச் சந்தா கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். குறைந்திருந்தால் சீட்டோடு சங்கக் கிளைக்கு வாருங்கள்.